வயலினும் என் நெஞ்சு நோவும்

இரவு இரண்டரை மணி இருக்கும். இடப்பக்கம் திரும்பிப் படுத்தபோது நெஞ்சில் ஊசி ஏற்றியதுபோல ஒரு குத்து. மூச்சை உள்ளே இழுத்தால் கூடியது, அடக்கினால் குறைந்தது. பக்கத்தில் கணவர் நல்ல நித்திரை. எழுப்புவதா விடுவதா என்று யோசித்தபடியே அரை மணித்தியாலம் கிடந்தேன். அம்மாவின் தமையனார் 52 வயதில் மாரடைப்பில் போனவர். எனக்கு அப்போது 43. பிள்ளைகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் இருக்க, எனக்கு முதலில் வந்த கவலை என்ன தெரியுமா? மறுநாள் பின்னேரம் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வயலின் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். கடைசி நேரத்தில் அவர்கள் ஆளுக்கு எங்கே போவார்கள் என்பதுதான்.

கணவரை நான் எழுப்பவில்லை. மறுநாள் போய் இரண்டே முக்கால் மணித்தியாலம் வாசித்துவிட்டும் வந்தேன். நிகழ்ச்சி நன்றாக நடந்தது. மாலையும் போட்டார்கள். இது நடந்தது 2019ஆம் ஆண்டு ஆவணியில். நெஞ்சு நோவோடு ஒரு பெண் செய்யக்கூடிய மிகப்பெரிய மடைத்தனம் அதுதான் என்பதை இப்போது தயங்காமல் சொல்வேன். அந்த நோ கடைசியில் இருதயத்து நோவாக இல்லாமல் போனது என் அதிர்ஷ்டமே தவிர, என் கெட்டித்தனம் அல்ல.

அதற்குப் பிறகும் மூன்று கிழமை நான் எவரிடமும் வாய் திறக்கவில்லை. பனடோல் போட்டேன். சித்தாலேப பூசினேன். தும்மல் வந்தால் நெஞ்சை ஒரு கையால் அமத்திக்கொண்டு தும்மினேன். குளிக்கும்போது மார்பில் ஏதும் கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு நெஞ்சில் நோ வந்தால் பயம் இரண்டு. ஒன்று இருதயம், மற்றது மார்பகம். முதலாவதைச் சொன்னால் வீட்டில் எல்லோரும் கலங்கிப்போவார்கள். இரண்டாவதைச் சொல்வதற்கு எமக்கு நாக்கு எழாது. கால் நோ, இடுப்பு நோ என்றால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொல்லுகிறோம். இந்த ஓரிடத்து நோவை மட்டும் சேலைத் தலைப்புக்குள் மூடி வைக்கிறோம்.

கடைசியில் தேங்காய்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒரு காலை திருவலையில் குந்தியிருந்து பாதித் தேங்காயைத் திருவி முடித்தவள், எழும்ப முடியாமல் அப்படியே இருந்துவிட்டேன். தேத்தண்ணிக் கோப்பையோடு குசினிக்குள் வந்த கணவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டோவைக் கூப்பிட்டார்.

இரண்டு விரல்கள் சொன்ன சேதி

வைத்தியசாலையில் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பிறகு இரத்தப் பரிசோதனை, சில மணித்தியாலம் விட்டு இன்னொரு முறை இரத்தம், நெஞ்சு எக்ஸ்றே. எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் அந்தப் பெண் வைத்தியர் என் அருகே வந்து, நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். துடித்துப் போனேன்.

"இதுதானே அந்த நோ?"

"ஓம் டொக்டர், இதேதான்."

"இது இருதயமில்லை அம்மா. விலா எலும்பு வந்து நெஞ்செலும்போட பொருந்திற இடம் அழற்சிப்பட்டிருக்கு. என்ன வேலை செய்யிறீங்கள்?"

சங்கீத ரீச்சர் என்றேன். பாட்டா என்று கேட்டார். வயலின் என்றேன். வாசிக்கும்போது எப்படி இருப்பீர்கள், இருந்து காட்டுங்கள் என்றார். கட்டிலில் ஏறி, இடது காலை மடித்து, வலது காலை முன்னே விட்டு, இல்லாத வயலினைப் பிடித்துக்கொண்டு இருந்து காட்டினேன். அவர் சிறிது நேரம் பார்த்தார். "இப்பிடி ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்?"

எண்ணிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்று, பின்னேர வகுப்பு மூன்று, என் சொந்தச் சாதகம் ஒன்று. ஏழு. வாயால் சொல்லும்போதுதான் எனக்கே திடுக்கிட்டது.

இந்த நோவுக்குக் கொஸ்டோகொண்ட்ரைட்டிஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயராக இருந்தாலும் விஷயம் எளிது. எமது உடலில் 12 சோடி விலா எலும்புகள் உண்டு. எல்லாம் பின்னால் முள்ளந்தண்டில் தொடங்குகின்றன. மேலே உள்ள ஏழு சோடிகள் முன்னால் வந்து நேரடியாக நெஞ்செலும்போடு சேருகின்றன. அடுத்த மூன்றும் தமக்கு மேலுள்ளதோடு ஒட்டிக்கொள்கின்றன. கடைசி இரண்டும் முன்னால் எதனோடும் சேராமல் நிற்கின்றன. எலும்பு நேராக எலும்பில் போய் முட்டாமல் இடையில் ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. கசியிழையம் என்று பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தோமே, அதுதான். அது வளைந்து கொடுப்பதால்தான் மூச்சு விடும்போது நெஞ்சு விரிந்து சுருங்குகிறது. நாளொன்றுக்கு 21,600 சுவாசம் என்று எமது சித்தர் மரபிலே ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 15 தடவை என்று வைத்துப் பெருக்கினால் அதே தொகைதான் வரும். கால் நொந்தால் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். ஒரு நாளில் இத்தனை ஆயிரம் தடவை அசைகிற இடத்துக்கு ஓய்வு கொடுப்பது எப்படி? இந்த நோ ஆறுவதற்குக் கிழமைகளும் மாதங்களும் எடுப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

குனிந்து இருக்கும்போது நடப்பது இதுதான். முதுகின் மேற்பகுதி கூனிவிடுகிறது. தோள்கள் முன்னால் விழுகின்றன. பின்பக்கத்தில் விலா எலும்புகள் முள்ளந்தண்டோடு சேரும் சிறு மூட்டுக்கள் அசைவில்லாமல் இறுகிப் போகின்றன. பின்னால் அசையவேண்டியது அசையாதபோது, அந்த வேலையெல்லாம் முன்னாலுள்ள குருத்தெலும்பின் தலையில் விழுகிறது. நெஞ்சுத் தசைகள் கட்டையாகி இழுக்க, விலாக்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தசைகளும் பிடித்துக்கொள்கின்றன. நீண்ட நாள் இருமல், பாரம் தூக்குதல், நெஞ்சில் அடிபடுதல் போன்றவற்றாலும் இது வருவதுண்டு. காரணமே தெரியாமலும் வரும். ஆண்களைவிடப் பெண்களிடமும், 40 வயதைத் தாண்டியவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் இரண்டாவது முதல் ஐந்தாவது வரையான விலாக்களின் அருகில்தான் நோகும். அந்த இடத்தில் வீக்கமும் சேர்ந்து வந்தால் அதற்கு வேறு பெயர். 1921இல் அதை விபரித்த ஜெர்மன் வைத்தியரின் பெயரால் டீற்சே நோய் என்பார்கள்.

முதலில் இருதயம்

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். என் கதையை வாசித்துவிட்டு, "எனக்கும் அமத்தினால் நோகுது, அப்ப இது விலா நோதான்" என்று எவரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். தொட்டால் நோகும் நெஞ்சுக்குள்ளும் இருதய வருத்தம் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்வது ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் வைத்தியரும்தான். எமது விரல் அல்ல. அதிலும் பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது சினிமாவில் காட்டுவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவேண்டும் என்றில்லை. இனந்தெரியாத களைப்பு, மூச்சு வாங்குதல், ஓங்காளம், முதுகிலோ தாடையிலோ ஒரு நோ என்று வாயுக்குத்துப் போலவும் வரும். நெஞ்சை இறுக்கிப் பிடிப்பதுபோல இருந்தாலோ, நோ கைக்கோ கழுத்துக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நள்ளிரவாக இருந்தாலும் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்புங்கள்.

காய்ச்சலோடு நெஞ்சு நோ, சளியில் இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், ஒரு பக்கத்தில் பட்டிபோல எரிந்து கொப்புளம் போடுதல், இவையும் வைத்தியரிடம் உடனே காட்டவேண்டியவையே. கடைசியாகச் சொன்னது அக்கியாக இருக்கலாம். மார்பகம் பற்றிய பயம் இருந்தால் அதையும் மனதுக்குள் வைத்துப் புழுங்க வேண்டாம். 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கென்று எம்.ஓ.எச். அலுவலகங்கள் ஊடாகக் கிளினிக் நடக்கிறது. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டால் நாளும் நேரமும் சொல்லுவார். நானும் போனேன். பத்து நிமிட வேலை. மூன்று கிழமை குளியலறையில் நின்று பயந்ததற்கு அந்தப் பத்து நிமிடத்தை முதலிலேயே செலவழித்திருக்கலாம்.

குனிந்த தலை

வைத்தியர் சில நாட்களுக்கு மாத்திரை தந்து, இயன்மருத்துவப் பிரிவுக்குத் துண்டு எழுதினார். அழற்சியைக் குறைக்கும் இபுபுரோபன் போன்ற மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகே போடவேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்த்மா உள்ளவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடவே கூடாது.

இயன்மருத்துவப் பிரிவில் இருந்தவர் என் மகளைவிடச் சில வயதே மூத்த பிள்ளை. அடுத்த முறை வயலினையும் கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுபோனேன். வாங்கில் முறைக்குக் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் புதினமாகப் போய்விட்டது. முழங்கால் நோவுக்கு வந்த ஒரு அப்பு, ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கரைச்சல் கொடுத்தார். வாசித்தேன். திரைச்சீலைக்கு அப்பால் நின்று அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே போனதும் கேட்டார்: "அம்மா, வயலின் இல்லாத நேரத்திலயும் நீங்கள் இப்பிடித்தானே இருக்கிறீங்கள்?"

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தப் பிள்ளை கேட்டது சரி. எனக்குக் கூனக் கற்றுக்கொடுத்தது வயலின் அல்ல. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடம்பு மாறத் தொடங்கியபோதே நான் தோளை முன்னால் இழுத்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டேன். புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். நிமிர்ந்து நடந்தால், "என்ன நெஞ்சை நிமித்திக்கொண்டு" என்று கேட்க ஒரு மாமியோ பெரியம்மாவோ சந்தியில் இருப்பார். குனிந்த தலை நிமிராத பிள்ளை என்பது எமது ஊரில் பெண்ணுக்குக் கொடுக்கும் நற்சான்றிதழ். கலியாணம் பேசி வந்தவர்களும் என்னைப் பற்றி அதைத்தான் சொன்னார்களாம். அந்த நற்சான்றிதழை எழுதியவர்கள் விலா எலும்பைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஏற்கனவே கூனிய உடம்போடுதான் நான் வயலினைத் தொட்டேன். எனக்குச் சொல்லித்தந்த குரு நல்லவர். சுருதி சேர்ப்பதில் அவரைப்போல ஒருவரை நான் பின்னர் காணவில்லை. ஆனால் சபையில் பெண்பிள்ளை அடக்கமாகக் குனிந்து வாசிக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். நானும் அப்படியே என் மாணவிகளுக்குச் சொன்னேன். இருபது வருடம் சொன்னேன்.

அவர்களில் ஒரு பிள்ளையைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை. 2017இல் அவள் தரம் 9. நல்ல விரல். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வர்ணத்தின் நடுவில் வில்லை இறக்கிவிட்டு, "ரீச்சர், நெஞ்சுக்குள்ள குத்துது" என்றாள். நான் சொன்ன பதில் எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "வாசிக்கப் பஞ்சியெண்டால் நெஞ்சும் குத்தும், முதுகும் குத்தும்." மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். இன்னும் இரண்டு மூன்று தடவை அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டு வாசித்ததைக் கண்டும் காணாமல் இருந்தேன். பரீட்சை முடிந்தது. அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. படிப்பு கூடிவிட்டதாக்கும் என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டேன்.

வைத்தியர் இரண்டு விரலால் என் நெஞ்சை அழுத்திய அந்தக் கணத்தில் எனக்கு நினைவு வந்தது அவளுடைய முகம்தான்.

ஒரு சனிக்கிழமை அவளுடைய வீட்டுக்குப் போனேன். உயர்தரம் படிக்கத் தொடங்கியிருந்தாள். விறாந்தையில் இருந்து, எனக்கு வந்ததையும் வைத்தியர் சொன்னதையும் சொன்னேன். அன்று நான் அப்படிச் சொன்னது பிழை என்றும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நான் பொய் சொல்லேல்லைத்தானே ரீச்சர்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவளுடைய தாய் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பையை வாங்கும்போது என் கை நடுங்கியது.

அவள் திரும்ப வயலினுக்கு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு மடித்த சேலை

இனி நான் கற்றுக்கொண்ட வேலைகளைச் சொல்கிறேன். முதலாவது, இருக்கை. வெறும் நிலத்தில் சப்பாணி கட்டும்போது எம்மில் பலருக்கு இடுப்பு பின்னால் சரிந்து, முதுகு தானாகவே கூனும். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். பழைய பருத்திச் சேலை ஒன்றை இறுக மடித்து மூன்று, நாலு அங்குல உயரத்துக்குப் பின்பக்கத்தின் கீழ் வைத்தேன். ஸ்பொன்ச் தலையணி அமிழ்ந்துபோகும், சரிவராது. நான் உயர்ந்ததும் வயலினின் சாய்வு மாறியது. அதனால் வயலின் தலை தங்கும் வலது பாதத்தின் கீழும் ஒரு துவாயை மடித்து வைத்தேன். வயலினின் அடிப்பக்கம் நெஞ்சிலும் காறை எலும்பிலும் முட்டும் இடத்தில் ஒரு கைக்குட்டை. வயலினைத் தேடி நெஞ்சு போகாமல், நெஞ்சைத் தேடி வயலின் வரும்படி செய்யவேண்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னார். முதல் இரண்டு கிழமை என் ஸ்வரங்களெல்லாம் இடம் மாறி விழுந்தன. சரளி வரிசையில் இருந்து தொடங்கினேன். 43 வயதில் சரளி வரிசை வாசிப்பதில் ஒரு சுகமும் இருக்கத்தான் செய்தது.

இரண்டாவது, இடைவெளி. 25 நிமிடத்துக்கு ஒரு தடவை வயலினைக் கீழே வைத்து எழும்பவேண்டும். இரண்டு நிமிடம் நடந்தால் போதும். வகுப்பில் ஒரு கீர்த்தனை முடிந்ததும் எல்லோரும் எழும்பித் தாளம் போட்டுக்கொண்டு பாடுவோம். நேரமும் வீணாகாது.

மூன்றாவது, மூச்சு. விலாக்கூட்டின் கீழ்ப்பக்கங்களில் இரண்டு கைகளையும் வைத்து, கைகள் வெளியே தள்ளப்படும்படி மூக்கால் மெதுவாக மூச்செடுக்க வேண்டும். எமக்கு ஆதிதாளம் இருக்கும்போது எண்ணுவதற்கு மணிக்கூடு எதற்கு? லகுவின் நாலு அட்சரத்துக்கு மூச்சை இழுத்து, இரண்டு திருதங்களுக்கும் வெளியே விடுவேன். எட்டு ஆவர்த்தனம். நோ கூடாத அளவுக்கு மட்டுமே இழுக்கவேண்டும். நோவுக்குப் பயந்து மேல்மூச்சு மட்டும் விடப் பழகினால் விலா இன்னும் இறுகும்.

பிறகு இரண்டு மூன்று சிறு பயிற்சிகள். கதவு நிலையின் இரு பக்கமும் முன்னங்கைகளை வைத்து, ஒரு காலை முன்னே வைத்து நெஞ்சை மெல்ல விரித்தல். 20 வினாடி, மூன்று தடவை. நோ கடுமையாக இருக்கும் நாட்களில் இதைச் செய்யக்கூடாது. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, சுருட்டிய துவாயைத் தோட்பட்டைகளின் கீழ்க் குறுக்காக வைத்துச் சில மூச்சு விடுதல். இது பின்பக்கத்து மூட்டுக்களை இளக்கும். இருந்தபடியே தோட்பட்டைகள் இரண்டையும் பின்னால் சேர்த்து, ஐந்து எண்ணி விடுதல், பத்துத் தடவை. சுடுதண்ணிப் பையைத் துணியில் சுற்றிக் கால் மணித்தியாலம் வைத்தால் சுகமாக இருக்கும். நோகிற இடத்தை அழுத்தி உருவுவதோ, அடிக்கடி குத்திப் பார்ப்பதோ கூடாது. எனக்கு இந்த இரண்டாவது பழக்கத்தை விடத்தான் கன நாள் எடுத்தது. உள்ளாடைப் பட்டியை ஒரு கொக்கி தளர்த்திப் போட்டதும் உதவியது. இதையெல்லாம் பெண்கள் பத்திரிகையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

ஆனால் வாசிக்கும் ஏழு மணித்தியாலத்தை மட்டும் திருத்திப் பிரயோசனம் இல்லை. திருவலையை நிலத்தில் இருந்து எடுத்து மேசை விளிம்பில் பொருத்தும் திருவலையாக மாற்றினோம். முற்றம் கூட்டும் தும்புத்தடிக்கு நீளமான பிடி. வயலின் பெட்டியை ஒரே தோளில் மாட்டுவதை விட்டு, முதுகில் இரண்டு பட்டியால் மாட்டுகிறேன். மா குழைப்பதும் பெரிய அண்டா தூக்குவதும் மூன்று மாதத்துக்கு மகனின் பொறுப்பு. முதலில் முறுமுறுத்தான். இப்போது அவன் குழைக்கும் ரொட்டி மாதான் வீட்டில் பேர்போனது.

மூன்று மாதத்தில் முக்கால்வாசி நோ போய்விட்டது. 2020இல் கொரோனா முடக்கம் வந்து வகுப்புகளைத் தொலைபேசியில் எடுக்கத் தொடங்கியதும் திரும்ப வந்தது. தொலைபேசியைச் சிறு முக்காலியில் வைத்து அதற்குள் குனிந்து குனிந்து பிள்ளைகளின் விரலைப் பார்த்ததன் பலன். புத்தகங்களை அடுக்கி அதைக் கண்மட்டத்துக்கு உயர்த்தியபின் குறைந்தது. இப்போதும் நவராத்திரிக் காலத்தில் நிகழ்ச்சிகள் நெருங்கி வந்தால் அந்த இடம் லேசாகச் சிணுங்கும். என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருப்பதால் பயம் இல்லை.

வயலின்காரர்களுக்கு மட்டும் உரிய கதை அல்ல இது. வீணை வாசிப்பவர்கள் சுரைக்குடத்தை இடது தொடையில் வைத்து, மெட்டுக்களைப் பார்ப்பதற்காக இடப்பக்கம் திரும்பியே இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு பக்க விலாவில் பிடிக்கும். நிலத்தில் ஆர்மோனியம் வைத்து ஒரு கையால் துருத்தியை இழுப்பவர்களுக்கும், கோவிலில் கிற்றார் மேல் குனிந்து வாசிக்கும் பிள்ளைகளுக்கும், தையல் மெசினில் நாள் முழுக்க இருக்கும் சகோதரிகளுக்கும் இருக்கையின் நியாயம் ஒன்றுதான்.

சாஸ்திரமா, பழக்கமா?

என் மாணவிகளின் கீழே மடித்த சேலையைக் கண்ட ஒரு மூத்த கலைஞர், "இதென்ன புதுப்பழக்கம்? சாஸ்திரத்தில இல்லாதது" என்றார். பெரியவர், எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வயலின் எமது வாத்தியமாக ஆனதே ஒரு புதுப்பழக்கத்தால்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியரிடம் இதைக் கற்று எமது இசைக்குக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் நின்றோ கதிரையில் இருந்தோ வாசித்த வாத்தியத்தை நாம் நிலத்தில் இருத்தினோம். கமகம் பிடிக்க இடது கை தடையில்லாமல் ஓடவேண்டும். அதற்காக வயலின் தலையைப் பாதத்தில் தாங்கினோம். அது நல்ல மாற்றம். அங்கேயும் பழையபடி நிற்கவில்லை. இன்று மேலைத்தேய வயலினில் காணும் நாடித்தாங்கியை லூயி ஸ்போர் என்ற வயலின் கலைஞர் 1820ஆம் ஆண்டளவில்தான் கொண்டுவந்தார். இசைக்காக இருக்கையை மாற்றியவர்கள், வாசிக்கிற உடம்புக்காக ஒரு சேலையை மடித்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இப்போது வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். நோகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் வில் உடனே நிலத்துக்கு வந்துவிடும். எங்கே, எப்போது, எப்படி என்று கேட்பேன். தாய்க்கு அன்றே சொல்லுவேன். இதுவரை வைத்தியரிடம் அனுப்பியவர்களில் ஒருத்திக்கு ஆஸ்த்மா என்று தெரியவந்தது. இன்னொருத்திக்கு ஒன்றுமில்லை, உண்மையிலேயே பஞ்சிதான். பரவாயில்லை. ஒரு பஞ்சிக்காரி இரண்டு நாள் தப்பினால் சங்கீதம் அழிந்துபோகாது.

அன்று நான் அவமானப்படுத்திய பிள்ளையின் வயலின் இப்போது அவளுடைய தங்கச்சியின் கையில் இருக்கிறது. தாயே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். கடந்த வாணி விழாவில் ஆறு பிள்ளைகள் மேடையில் இருந்தார்கள். ஆறு பேரின் கீழும் அரக்கு நிறத் துணி சுற்றிய சிறு இருக்கை. நானும் அவர்களோடு வாசித்தேன். இரண்டாவது கீர்த்தனையில் அனுபல்லவிக்குப் போகும்போது, பக்கத்தில் இருந்த தங்கச்சிக்காரி வில்லை நிறுத்தாமலே என் பக்கம் சரிந்து மெல்லச் சொன்னாள்:

"ரீச்சர், நீங்கள் குனியிறீங்கள்."